கதவருகில் நிற்றல்

மூன்று நாள் பயணம் ஒன்றிற்கு மூன்று மாதம் ஆயத்தம் செய்வோர் இவ்வுலகில் சிலர் உண்டு. அவர்களுள் நாங்கள் ஐவர். பெண்கள். ஐம்பதைக் கடந்தவர்கள். அமெரிக்க நாட்டின் வர்ஜீனியா மாநிலத்தில், புளூ ரிட்ஜ் மலைத்தொடரின் கிழக்குச் சரிவை ஒட்டிய மேய்ச்சல் நிலங்களில் வாழ்கிறோம். ஆண்டுதோறும் நவம்பர்த் தொடக்கத்தில் குதிரையேறும் பெண்கள் மட்டுமே கூடுகின்ற வேட்டை வாரஇறுதி ஒன்றிற்குச் செல்வது எங்கள் வழக்கம். வெள்ளி மாலை போய்ச் சேருவோம். சனி காலை வேட்டைநாய்களின் பின்னே குதிரைகளைச் செலுத்துவோம். ஞாயிறு திருப்பலி கண்டு வீடு திரும்புவோம்.

நாளை மாலை புறப்பட வேண்டும். இன்று வியாழன் இரவு. லாயத்தில் விளக்கெரிகிறது. சேணங்களுக்குச் சோப்புப் போட்டுத் துடைத்து முடித்த கையோடு இவ்வரிகளை எழுதுகிறோம். எங்களுள் ஒருத்தி நீலகிரியில் பிறந்த தமிழ்ப்பெண். எழுதும் கை அவளுடையது. எனினும் சொல்ல வேண்டிய செய்தி ஐவருக்கும் உரியதாகையால் 'நாங்கள்' என்றே எழுதத் துணிகிறோம்.

நரிவேட்டை என்றதும் வாசகர்கள் முகம் சுளிக்கக்கூடும். நாங்களும் சுளித்தவர்களே. அதனைப் பின்னர்ச் சொல்கிறோம். முதலில் குதிரை.

*

ஆகஸ்டு மாதத்திலேயே ஆயத்தம் தொடங்கிவிடுகிறது. கோடையில் புல் மேய்ந்து வயிறு பெருத்த குதிரையை, ஒரே நாளில் நான்கு மணிநேரம் மேடு பள்ளங்களில் ஓட்டிவிட முடியாது. முதல் மூன்று வாரங்கள் நடை மட்டுமே. நாளுக்கு ஒரு மணிநேரம், கெட்டியான மண்சாலையில். பிறகு துள்ளுநடை, அதன் பிறகே மேட்டில் ஓட்டம். குதிரையின் தசைகள் விரைவில் வலுப்பெற்றுவிடும். ஆனால் கால் நரம்புகளும் எலும்புகளும் உறுதிபெற மாதங்கள் ஆகும். பொறுமையற்றவர் தசையின் துடிப்பைக் கண்டு ஏமாந்து, காலை முடமாக்கிவிடுவர்.

ஓய்விலிருக்கும் குதிரையின் இதயம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 30 முதல் 40 முறை துடிக்கும். மேட்டில் ஓடி நின்ற பத்து நிமிடங்களுக்குள் அத்துடிப்பு 60-ஐ நோக்கி இறங்குகின்றதா என்று, இடது முன்காலின் பின்னே காதொலிக் கருவியை வைத்து எங்களுள் செவிலியாயிருந்தவள் எண்ணிச் சொல்வாள். இறங்கவில்லையெனில் அந்த வாரம் ஓட்டமில்லை. மறுபடியும் நடைதான்.

லாடம் அடிப்பவர் ஆறு வாரத்திற்கு ஒருமுறை வந்து குளம்பைச் சீவிப் புதுலாடம் தைத்துச் செல்வார். குருதிப் பரிசோதனைச் சான்றும் வேண்டும். குதிரைகளுக்குள் பரவும் ஒருவகைத் தொற்று இரத்தச்சோகை இல்லையென்று மெய்ப்பிக்கும் அத்தாளைக் கண்டுபிடிப்பாளரின் பெயரால் 'காகின்ஸ்' என்றே அழைப்பர். அது கையில் இல்லாமல் வேற்றிடத்துக் குதிரைகளோடு நம் குதிரையை நிறுத்த இயலாது. டிரெய்லர் வண்டியின் சக்கரங்களைக் காட்டிலும் அதன் தரைப்பலகைகளையே நாங்கள் முதலில் தட்டிப் பார்ப்போம். ஐந்நூறு கிலோ எடையுள்ள உயிர், உளுத்த பலகையின்மேல் நம்மை நம்பி நிற்கப்போகிறதன்றோ!

குதிரையால் வாந்தியெடுக்க இயலாது என்பது பலருக்கும் தெரியாத செய்தி. தின்றது ஒவ்வாவிடில் அது வயிற்று நோவாய் உள்ளேயே முறுக்கி உயிரையும் குடித்துவிடும். ஆகவே பயணத்திற்காகத் தீனியைத் திடீரென மாற்றக்கூடாது. வீட்டு வைக்கோலையே கட்டி எடுத்துச் செல்கிறோம். நாளொன்றுக்கு ஒரு குதிரை 25 முதல் 50 லிட்டர் வரை தண்ணீர் குடிக்கும். அயலூர்த் தண்ணீரின் மணம் பிடிக்காமல் வாயை மூடிக்கொள்ளும் குதிரையும் உண்டு. அதற்காக வீட்டுத் தண்ணீரும் பீப்பாய்களில் கூடவே வரும்.

இவையெல்லாம் முடிந்த பின்னரே எங்கள் துணிமணி, எங்கள் உணவு, எங்கள் உறக்கம். லாயத்தின் சட்டம் இது. இச்சட்டத்தை எங்களுள் நால்வர் புத்தகத்திலும் பயிற்சிப் பள்ளியிலும் கற்றனர். ஒருத்தி தன் தந்தையிடம் கற்றாள்.

*

அவள் தந்தை வெலிங்டனில் குதிரைக்காரராயிருந்தவர். ஆங்கிலேயர் காலத்தில் உதகமண்டலத்தில் தோன்றிய வேட்டைக் குழுவொன்று, வென்லாக் டவுன்ஸ் எனப்படும் பரந்த புல்வெளியில் குள்ளநரிகளைத் துரத்திவந்தது. இங்கிலாந்தில் செந்நரிக்கு என்ன மரியாதையோ, அது அங்கே குள்ளநரிக்குக் கிடைத்தது. விடுதலைக்குப் பின்னரும் வெலிங்டன் படைக் கல்லூரி அதிகாரிகளால் அவ்வழக்கம் தொடர்ந்தது. விடியலுக்கு முன்னே கொள்ளு வேகவைத்து, குதிரையைத் தேய்த்துச் சேணம் பூட்டி, பனியில் கடிவாளம் பிடித்து நடத்திச்சென்று அதிகாரியிடம் ஒப்படைப்பது அவர் வேலை. வேட்டை முடியும்வரை சாலையோரத்தில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு காத்திருப்பார். சிலநாள் மகளும் உடனிருப்பாள்.

"அப்பா, நீங்க ஏன் ஏறிப் போகல?" என்று அவள் ஒருமுறை கேட்டாள்.

"திரும்பி வர்ற குதிரைக்குத் தண்ணி காட்ட ஓர் ஆள் வேணுமில்லம்மா" என்றார் அவர்.

குதிரை ஆறும்வரை நடத்தி, கால்களைத் தடவிப் பார்த்து, தண்ணீர் காட்டி, கொள்ளு வைத்த பிறகே அவர் தம் காப்பியைத் தொடுவார். அந்த மகள் இன்று குதிரைமேல் ஏறிச் செல்கிறாள். சொந்தக் குதிரை இல்லை. எங்களுள் பண்ணை வைத்திருப்பவளின் லாயத்தைப் பெருக்கித் துடைத்து உழைப்பதற்கு ஈடாக ஒரு குதிரையைச் செலுத்துகிறாள். ஏறும்போதெல்லாம் சாலையோரத்தைத் திரும்பிப் பார்க்கும் வழக்கம் அவளுக்கு இன்னும் போகவில்லை.

இந்நாட்டிலும் சாலையோரத்தில் நின்றவர்களின் கதை உண்டு. 1650-இல் ராபர்ட் புரூக் என்பவர் தம் குடும்பத்தோடும் வேட்டைநாய்களோடும் மேரிலாந்தில் வந்திறங்கினார் என்பர். அமெரிக்காவின் முதல் குடியரசுத் தலைவரான ஜார்ஜ் வாஷிங்டன் நரிவேட்டையில் பெருவிருப்பம் கொண்டவர். தம் நாட்குறிப்புகளில் அதனை மீண்டும் மீண்டும் குறித்துள்ளார். அவருடைய நாய்களை நடத்தி, புதர்க்காடுகளுக்குள் அஞ்சாமல் குதிரை செலுத்தியவர் வில்லியம் லீ. அவர் 1768-இல் விலைக்கு வாங்கப்பட்ட அடிமை. விடுதலைப் போர் முழுவதும் தம் எசமானரின் அருகிலேயே இருந்தவர். பின்னாளில் கீழே விழுந்து இரு முழங்கால்களும் ஒன்றன்பின் ஒன்றாய் முறிந்துபோகவே, உட்கார்ந்து காலணி தைத்துக் காலம் கழித்தார். 1799-இல் எழுதப்பட்ட வாஷிங்டனின் உயில் அவருக்கு உடனடி விடுதலை அளித்தது. ஆண்டுக்கு முப்பது டாலர் உதவித்தொகையும் தந்தது. அக்காலத்தில் நாட்டிலேயே தேர்ந்த குதிரைவீரர்களுள் ஒருவரான அம்மனிதர், இறுதியில் நடக்க முடியாமல் அமர்ந்திருந்த காட்சியை நினைக்கும்போதெல்லாம் எங்கள் பேச்சு அடங்கிப்போகும்.

*

பெண்களுக்கு இவ்வெளி எளிதில் கிடைத்ததன்று. இரு கால்களையும் ஒரே பக்கம் வைத்துப் பக்கச்சேணத்தில் அமர்ந்தே அவர்கள் வெகுகாலம் குதிரையேறினர். 1830-ஆம் ஆண்டளவில் இடது தொடையைத் தாங்கும் இரண்டாம் கொம்பு அச்சேணத்தில் சேர்க்கப்பட்ட பிறகே, வேலிகளைத் துணிந்து தாண்ட அவர்களால் முடிந்தது.

அவ்வாறு தாண்டியவர்களுள் ஆஸ்திரியப் பேரரசி எலிசபெத்தும் ஒருவர். 1879-இல் அயர்லாந்தில் அவர் மான்வேட்டைக்குச் சென்றபோது நிகழ்ந்ததைக் கத்தோலிக்க வாசகர்கள் சுவைப்பர் என எண்ணுகிறோம். துரத்தப்பட்ட மான் மேனூத் நகரின் புனித பேட்ரிக் குருமடத்து வளாகத்திற்குள் புகுந்துவிட்டது. பின்தொடர்ந்த பேரரசியும் உள்ளே புகுந்தார். அரசியை எதிர்பாராத குருக்கள் அவரை வரவேற்று உபசரித்தனர். நன்றிக்கடனாக அவர் அக்கல்லூரிக்குப் புனித ஜார்ஜின் வெள்ளிச் சிலையொன்றை வழங்கினார். அப்புனிதர் இங்கிலாந்தின் பாதுகாவலர். அயர்லாந்து மக்களின் உள்ளத்திற்கு அது உவப்பன்று என்பதைப் பின்னர் உணர்ந்த அவர், அந்நாட்டின் அடையாளமான ஷாம்ராக் இலைகளைப் பூவேலையாய்ப் பொறித்த திருப்பலி உடைகளை மறுபடியும் அனுப்பிவைத்தாராம். செய்த பிழையை உணர்ந்ததும் திருத்திக்கொள்ள முன்வந்த அப்பண்பே, அவர் தாண்டிய வேலிகளைவிட எங்களைக் கவர்கிறது. ஏனெனில் எங்களுக்கும் திருத்திக்கொள்ள வேண்டிய பிழை ஒன்றுண்டு.

அதற்கு முன் நரியைப் பற்றிய கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. நாய்களைக் கொண்டு நரியை வேட்டையாடுவதை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2004-ஆம் ஆண்டின் சட்டம் தடைசெய்தது; 2005 பிப்ரவரியில் அது நடைமுறைக்கு வந்தது. அமெரிக்காவில் அவ்வாறான பொதுத்தடை இல்லை. ஆயினும் இங்கே கொல்லுதலைவிடத் துரத்துதலே வழக்கம். நரி வளைக்குள் புகுந்ததும் ஊதுகொம்பு ஒலிக்கும்; நாய்களைப் பாராட்டி அழைத்துக்கொண்டு அப்பால் செல்வர். இருந்தும் சிலவேளை நரி பிடிபடுவதுண்டு. விலங்குகளைத் தேவையின்றித் துன்புறுத்துவதும் கொல்லுவதும் மனித மாண்புக்கு முரணானது எனத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2418-ஆம் எண்ணில் கற்பிக்கிறது. இதனை எங்களுள் வங்கியில் பணிபுரிபவள் ஆண்டுதோறும் எடுத்துப் பேசுவாள். பண்ணைக்காரி, கோழிகளை இழந்தவள் என்ற முறையில் மறுமொழி சொல்வாள். முடிவு காணவில்லை. துரத்தலோடு நின்றுவிடும் குழுக்களோடு மட்டுமே செல்வது, நரி பிடிபட்டால் அந்நாளோடு திரும்பிவிடுவது என்ற அளவில் ஓர் உடன்பாடு கண்டிருக்கிறோம். எங்கள் மனச்சான்று முழுதும் அமைதியடைந்துவிட்டது என்று சொல்லத் துணியோம்.

*

இனி எங்கள் பிழை.

வேட்டையில் குதிரையேறுவோர் அணிகளாய்ப் பிரிவர். முதல் அணி நாய்களை நெருக்கமாய்ப் பின்தொடர்ந்து, கல்மதில்களையும் மரவேலிகளையும் தாண்டிச் செல்லும். இரண்டாம் அணி தாண்டாது; வேலிக் கதவுகளைத் திறந்து, கடந்து, மூடிச் செல்லும். நாங்கள் ஐவரும் முதல் அணியைச் சேர்ந்தவர்கள். அதில் எங்களுக்குச் சற்றே செருக்கும் உண்டு.

சென்ற பிப்ரவரியில் ஒருநாள், நாய்கள் குரலெடுத்து ஓடிக்கொண்டிருந்தன. நாங்கள் ஒரு கல்மதிலைத் தாண்டினோம். ஐந்தாவதாக வந்தவள் எங்களுள் மூத்தவள். அறுபத்து நான்கு வயது. பள்ளி ஆசிரியையாயிருந்து ஓய்வுபெற்றவள். மதிலின் இப்பக்கம் இறங்கும்போது அவளுடைய குதிரை சேற்றில் வழுக்கியது, அவள் விழுந்தாள். விழுந்த ஓசை எங்களுக்குக் கேட்டது. ஆளில்லாத குதிரை எங்கள் பக்கமாக ஓடிவந்ததையும் கண்டோம். முன்னே ஊதுகொம்பு ஒலித்தது. பின்னால் யாரேனும் நின்றிருப்பார்கள் என்று நால்வரும் எண்ணினோம். நால்வரும் ஓடினோம்.

யாரும் நிற்கவில்லை. சில நிமிடங்கள் கழித்து, இரண்டாம் அணியில் கதவு மூடுவதற்காகப் பின்தங்கிய ஒரு பெண்மணியே அவளைக் கண்டார். முன்பின் அறியாதவர். காறை எலும்பு முறிந்திருந்தது. அவர் தம் கழுத்திலிருந்த வெண்துணியை அவிழ்த்து, மடித்து, தோளுக்குத் தூளி கட்டி, உதவி வரும்வரை உடனிருந்தார்.

வேட்டை உடையில் அவ்வெண்துணி வெறும் அழகுக்கன்று. மனிதர்க்கும் குதிரைக்கும் காயக்கட்டாகப் பயன்படும் பொருட்டே அது நீளமாய் நெய்யப்படுகிறது என்பதும், விழும்போது தொண்டையில் குத்தாதிருக்கவே அதன் ஊசியைக் குறுக்குவாட்டில் குத்துகிறோம் என்பதும் எங்களுக்கு மனப்பாடம். புதிதாய் வருவோர்க்கு நாங்களே சொல்லிக்கொடுத்திருக்கிறோம். அன்று எங்கள் நால்வரின் கழுத்திலும் அத்துணி மடிப்புக் கலையாமல் இருந்தது.

மருத்துவமனையில் அவள் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. பிறகும் அதைப்பற்றி ஒரு சொல் பேசவில்லை. பேசியிருந்தால் எங்களுக்கு எளிதாயிருந்திருக்கும். எலும்பு கூடியது. கோடையில் மீண்டும் குதிரையேறினாள். ஆனால் வேட்டைக்கு வருவாளா என்று கேட்க எங்களுக்கு நா எழவில்லை.

செப்டம்பரில் ஒருநாள், சேணங்களைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அவளே பேசினாள்.

"இந்த முறை நான் இரண்டாம் அணியில் வருகிறேன். தாண்டுவதற்கு மனம் வரவில்லை. நீங்கள் உங்கள் அணியில் போங்கள்."

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம். அவள் மேலும் சொன்னாள்: "எனக்கு ஒன்று மட்டும் வேண்டும். கதவை மூட நான் இறங்கினால், மறுபடி ஏறும்வரை யாராவது ஒருவர் நிற்க வேண்டும். அந்த அணியில் யாரிடம் சொல்லி வைக்கலாம்?"

கதவை மூடுபவர் மீண்டும் ஏறும்வரை மற்றவர் நகரக்கூடாது என்பது வேட்டைக்களத்தின் பழைய ஒழுங்கு. கூட்டம் ஓடிவிட்டால் தனித்துவிடப்பட்ட குதிரை பதறிச் சுழலும். அதன்மேல் ஏறுவது அரிது. எல்லோருக்கும் உரிய அவ்வொழுங்கை அவள் ஓர் உதவியாய்க் கேட்டாள். அதுவும் வேற்றாரிடம் கேட்கக் கருதினாள். அச்சொற்கள் எங்கள் நெஞ்சைச் சுட்டன.

அன்றிரவே நால்வரும் இரண்டாம் அணிக்கு மாறுவதென்று முடிவுசெய்தோம் என்று எழுத ஆசைதான். உண்மை அதுவன்று. எங்களுள் இருவர் உடனே இசைந்தனர். ஒருத்திக்கு ஒரு வாரம் ஆயிற்று. மதில் தாண்டுவதில் வல்லவளான பண்ணைக்காரியோ மூன்று வாரம் முகங்கொடுத்துப் பேசவில்லை. "நான் வராமல் போனால் யாருக்கு என்ன குறைந்துவிடும்?" என்றாள். பின்பு ஒரு மாலை, தன் மேய்ச்சல் நிலத்துக் கதவொன்றைக் கழற்றி, நடுவெளியில் இரு கம்பங்களுக்கிடையே மாட்டிக்கொண்டிருந்தாள். "பழக்க வேண்டாமா?" என்று மட்டும் சொன்னாள்.

அக்டோபர் முழுவதும் பழக்கினோம். ஒருத்தி கதவைத் திறப்பாள், நால்வர் கடப்போம், பிறகு அவள் இறங்கி மூடுவாள். அதுவரை நான்கு குதிரைகளும் முகத்தைக் கதவின்பக்கம் திருப்பி அசையாமல் நிற்க வேண்டும். கேட்பதற்கு எளிது. குதிரைக்கு ஓடக் கற்றுத்தர வேண்டியதில்லை; நிற்கக் கற்றுத்தருவதே பெரும்பாடு. முதல் நாள் ஒன்றுகூட நிற்கவில்லை. தரையைக் காலால் பறித்தன; ஒன்றையொன்று கடித்தன. குதிரைகள் நில்லாததற்குக் காரணம் குதிரைகள் அல்ல என்பது சில நாளில் விளங்கிற்று. எங்கள் தொடைகள் இறுகியிருந்தன. கைகள் கடிவாளத்தை அரித்துக்கொண்டிருந்தன. எங்கள் கண்கள் கதவைப் பாராமல் அப்பாலிருந்த வெளியைப் பார்த்துக்கொண்டிருந்தன. மேலிருப்பவள் மனத்தால் ஓடிக்கொண்டிருக்க, கீழிருக்கும் குதிரை எவ்வாறு நிற்கும்?

மூச்சை மெல்ல விட்டு, தோளைத் தளர்த்தி, கதவருகில் ஒற்றைக்காலில் தடுமாறும் தோழியை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தபோது குதிரைகள் நின்றன. நான்காவது வாரத்தில், அவள் அவசரமின்றி ஏறி அமர்ந்து, அங்கவடியில் கால் நுழைத்து, "சரி" என்று சொல்லும்வரை ஒரு குளம்பும் அசையவில்லை. அவள் எங்களைப் பார்த்துச் சிரித்தாள். பிப்ரவரிக்குப் பிறகு நாங்கள் அவளை நேராகப் பார்த்தது அன்றுதான்.

*

இப்போது எல்லாம் ஆயத்தம். கருப்பு மேலங்கிகள் உறையில் தொங்குகின்றன. தலைக்கவசங்களைச் சோதித்தாயிற்று, வார்களின் தையல்களை இழுத்துப் பார்த்தாயிற்று. உதைக்கும் பழக்கமுள்ள குதிரையின் வாலில் கட்டச் சிவப்பு நாடாவும் எடுத்து வைத்தாயிற்று. பின்னே வருவோர் விலகி வரவேண்டும் என்பதன் அடையாளம் அது. வெண்துணிகள் ஐந்தும் கஞ்சியிட்டுப் பெட்டி போட்டு மடித்து வைக்கப்பட்டுள்ளன. இம்முறை ஆறாவதாக ஒன்றும் வைத்திருக்கிறோம். பெயர் அறியாத அப்பெண்மணியைக் கண்டால் கொடுப்பதற்கு.

நவம்பர் 3 புனித ஹியூபர்ட்டின் திருநாள். வேட்டைக்காரரின் பாதுகாவலரான அவர், புனித வெள்ளியன்று மானைத் துரத்திச் சென்றபோது, அதன் கொம்புகளுக்கிடையே சிலுவையைக் கண்டு மனம் திரும்பியதாய் மரபு கூறும். பின்னர் ஆயரானார். அவர் நினைவாய் இப்பருவத் தொடக்கத்தில் குருவானவர் வந்து நாய்களையும் குதிரைகளையும் மனிதரையும் ஆசீர்வதிப்பது வழக்கம். அக்கதையை இத்தனை ஆண்டும் மானைப் பற்றியதென்றே கேட்டுவந்தோம். இவ்வாண்டு அதில் வேறொன்று தெரிகிறது. துரத்தலின் உச்சத்தில், நாய்கள் குரலெடுத்து ஓடும் வேளையில், ஒரு மனிதர் குதிரையை நிறுத்தினார். நிற்காதிருந்தால் சிலுவை அவர் கண்ணில் பட்டிராது.

பனி இறங்குகிறது. பண்ணைக்காரி கடைசிக் குதிரைக்குத் தண்ணீர் காட்டுகிறாள். மூத்தவள் தன் கண்ணாடியை மூக்கில் இறக்கி, பள்ளிக்கூடத்துக் கையெழுத்தில் எழுதிய பட்டியலைச் சரிபார்க்கிறாள். வைக்கோல், வாளி, சான்று, மருந்துப்பெட்டி என ஒவ்வொன்றாய்ப் படிக்கப் படிக்க நாங்கள் "உண்டு" என்கிறோம். நீலகிரிக்காரி லாயத்துக் கதவைச் சாத்தப் போகிறாள். குளிரில் கொக்கி இறுகிக்கிடக்கிறது. விழச் சற்று நேரமாகிறது.

திரும்பிப் பார்த்தால் நால்வரும் முற்றத்தில் நின்றுகொண்டிருக்கிறார்கள். காப்பி ஆறிக்கொண்டிருக்கும். பரவாயில்லை என்பதுபோல் நிற்கிறார்கள்.